இரண்டாவதாக எடுத்த அட்டை

ரூபன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சபையில் சாட்சி சொன்னபோது நான் இடது பக்கம் ஐந்தாவது வரிசையில், சத்தம் போடும் அந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். “எங்க அம்மாவுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்” என்று நீ ஆரம்பித்ததும் சபை சிரித்தது. நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு நீ சட்டைப்பையிலிருந்து, புத்தாண்டு அன்று கோயிலில் எடுத்த, வேத வசனம் அச்சடித்த அந்த வாக்குத்தத்த அட்டையை எடுத்துக் காட்டினாய். “இதை நான் எடுக்கல. அம்மாதான் எனக்காக எடுத்தாங்க. நான் எடுத்திருந்தா எனக்கே சந்தேகம் வந்திருக்கும். நம்பாத ஒருத்தங்க கையால வந்ததாலதான் இது கர்த்தர் பேசினதுன்னு நம்புறேன்” என்றாய். ஒடிசா மலைப்பக்கத்தில் இருக்கும் மிஷன் மருத்துவமனைக்கு இரண்டு வருஷம் போவதாகவும், வருகிற வியாழக்கிழமை ரயில் என்றும் சொன்னாய். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தி, “நீங்க குடுத்து வச்சவங்க” என்றார். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. மின்விசிறியில் எந்த இறக்கை தட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அட்டை நான் இரண்டாவதாக எடுத்தது. முதலில் எடுத்ததைத் திரும்பத் தட்டிலேயே போட்டுவிட்டேன். இதை உன்னிடம் ஐந்து மாதமாகச் சொல்லவில்லை. நாளைக் காலை ஆராதனையில் உன்னை முன்னால் அழைத்து, பெரியவர்கள் தலையில் கை வைத்து, உன்னை வழியனுப்பி ஜெபிக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் உனக்குத் தெரிந்தாக வேண்டும். இன்று சனிக்கிழமை. நீ பாலவாக்கம் கடற்கரையில் பந்து விளையாடப் போயிருக்கிறாய். நீ திரும்புவதற்குள் எழுதி முடித்து உன் மேஜைமேல் வைத்துவிடுவேன். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்து வரிசையாகத்தான் எழுதப்போகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கை ஓடும்.

நேரில் சொல்லப் பார்த்தேன். புதன்கிழமை உனக்கு ஸ்வெட்டர் வாங்க தி. நகர் போனோமே, அப்போது. கடைக்காரர், “மெட்ராஸ் வெயில்ல ஸ்வெட்டரா சார்? உங்களுக்காக மேல் மாடியில இருந்து தூசி தட்டி எடுத்தாரச் சொல்லிக்கிறேன்” என்றார். நீ அவரிடம் மலைக்குளிரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாய். கடைப் பையன் மேலே போயிருந்த அந்தப் பத்து நிமிஷத்தில் நான், “ரூபன், அந்த அட்டை விஷயம்” என்று ஆரம்பித்தேன். நீ உடனே திரும்பி, “என்னம்மா? சொல்லு” என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு ஆவல். நான் உன் சாட்சியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. நான், “ஒரு சைஸ் பெரிசா எடு. துவைச்சா சுருங்கும்” என்றேன். நீயும் சரி என்றாய். வரும் வழியில் ஆட்டோவில் நாம் எதுவும் பேசவில்லை. நாம் பேசாமல் வருவது இப்போது யாருக்கும் வித்தியாசமாகப் படுவதில்லை, நமக்கும்தான்.

உன் அப்பா இருந்தபோது வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் இல்லை. அவர்தான் பேசுவார், நீ கூடப் பேசுவாய், நான் குறுக்கே ஏதாவது சொல்வேன். நீ மருத்துவம் முதல் வருஷம் படிக்கும்போது ஒரு சீனியரிடமிருந்து எலும்புப் பெட்டி வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தாய். எங்களிடம் சொன்னாய், வேலைக்கு வரும் செல்வியிடம் சொல்ல மறந்துவிட்டாய். அவள் துடைப்பத்தோடு கூடத்துக்கு ஓடி வந்தாள். “யக்கா, கட்டிலுக்கு அடியில மண்ட ஓடு கீதுக்கா! இன்னா, தம்பி யாரையாச்சும் போட்டுட்ச்சா?” நீ வெளியே வந்து, படிப்பதற்காகக் காசு கொடுத்து வாங்கியது என்று சொன்னாய். “காசு குட்து வாங்கினியா? எங்க ஏரியா சுடுகாட்டாண்ட கேட்டிருந்தா சும்மாவே குட்துருப்பாங்களே நைனா!” என்றாள். அன்றைக்கு முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சாயங்கால ஜெபத்தில் உன் அப்பா அந்தப் பெட்டிக்கு உரியவருக்காகவும் நன்றி சொல்லி ஜெபித்தார். முடிந்த பிறகு நான், “அவர் எந்த மதமோ, உங்க ஜெபம் அவருக்கு வேண்டியிருக்கோ இல்லையோ” என்றேன். “எனக்கும் அது தெரியலதான். அதனால பொதுவாத்தான் சொன்னேன்” என்றார். அவரோடு எனக்கு இருபத்திரண்டு வருஷமாக அதுதான் சங்கடம். நான் வாதத்துக்கு நிற்பேன், அவர் வாதத்துக்கே வரமாட்டார்.

இன்னொன்றையும் சொல்கிறேன், அது நான் செய்த தவறு. மூன்றாம் வருஷத்தில் வார்டுக்குப் போக ஆரம்பித்த புதிதில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் நீ கேட்டாய்: “ம்மா, இன்னைக்கு எங்க வார்டுல ஒரு தாத்தா இறந்துட்டாரு. நான்தான் முதல்ல பாத்தேன். அப்புறம் கேன்டீன் போய் மூணு பரோட்டா சாப்பிட்டேன். நல்லாப் பசிச்சுது. ஏதோ தப்புப் பண்ணின மாதிரி இருக்கு.” நான், “பசிச்சா சாப்பிடத்தான் வேணும், இதுல என்ன தப்பு” என்று சொல்லிவிட்டுக் குழம்பை உன் பக்கம் நகர்த்தினேன். வகுப்பில் மாணவர் கேட்கும் சந்தேகத்துக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன். உன் அப்பா மட்டும், “அவர் பேரு என்னப்பா?” என்று கேட்டார். உனக்குத் தெரியவில்லை. படுக்கை எண்தான் தெரிந்திருந்தது. மறுநாள் போய்ப் பதிவேட்டில் பார்த்துவிட்டு வந்து பெயரைச் சொன்னாய். நீ டாக்டராகப் போகிற இடத்தில் உன்னிடம் சொல்லிக்கொள்ள எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் பெயரைக் கேள். ஆள் போன பிறகு பதிவேட்டில் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதே. அப்படி ஒரு நாளில் பசித்தால் சாப்பிடு, ஆனால் தனியாக உட்கார்ந்து சாப்பிடாதே.

உன் நாட்களை நான் கவனிக்கவில்லை என்று நீ நினைக்கலாம். காலை ஐந்தரைக்கு எழுந்து கட்டிலோரம் முழங்காலில் நிற்பாய், சரியாக மூன்று நிமிஷம். பிறகு வெள்ளைக் கோட்டை நீயே இஸ்திரி போடுவாய், காலரை மட்டும் இரண்டு தடவை. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறுவதற்குள் இட்லி டப்பாவைத் திறந்துவிடுவாய் என்று உன் நண்பர்கள் சொல்லித் தெரியும். வெள்ளிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி, சனிக்கிழமை கடற்கரையில் பந்து, முழங்காலில் மணலோடு வந்து கிடாரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவாய். அப்பா போன பிறகும் இவற்றில் ஒன்றைக்கூட நீ விடவில்லை. மூன்று நிமிஷ ஜெபம் உட்பட. ஆனால் கிடாரில் பாட்டு வாசிப்பதில்லை, சுருதி மட்டும் கூட்டிக்கொண்டிருப்பாய். நான் துணி எடுக்க மாடிக்கு வந்தால் நிறுத்திவிடுவாய். நானும் எதுவும் கேட்காமல் துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

இப்போது அப்பாவின் அட்டை. அவர் இறந்த அந்த வருஷம் புத்தாண்டு ஆராதனையில் அவருக்கு நீடித்த ஆயுசைச் சொல்லும் வசனம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் காட்டி, “பாத்தியா, இன்னும் நாப்பது வருஷம் நீ என்கூடத்தான் கஷ்டப்படணும்” என்றார். நான் புள்ளியியல் வாத்தியார், சும்மா இருப்பேனா? “அச்சடிக்கும்போதே இதே வசனத்துல ஐம்பது அட்டை போட்டிருப்பாங்க. ஐம்பது பேரையும் நாப்பது வருஷம் கழிச்சுக் கணக்கெடுத்துப் பாக்கலாம்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டார். ஜூன் மாதம் அலுவலக லிஃப்டில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. பதினோரு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். இரண்டாம் நாளே நீ அந்த அட்டையைப் பர்ஸிலிருந்து எடுத்துக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினாய். ஒருமுறை நீ டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்த்தாய். கண்மணி சுருங்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குப் பாடமாகவே தெரியும். பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தாய். அடுத்து அந்த அட்டையைப் பார்த்தாய். நான் கண்ணாடிக்கு வெளியே இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் மதியம் நீயே அட்டையை உரித்து எடுத்தாய். எங்கே வைத்தாய் என்று நான் கேட்கவில்லை.

நாம் இருவரும் அழவில்லை. பார்க்க வந்தவர்கள் உன்னை விசுவாசமுள்ள பிள்ளை என்றார்கள், என்னைத் தைரியமான பெண் என்றார்கள். இரண்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருந்த இடத்திலேயே இருக்கும், கடித்தால் மட்டும் தெரியாது. எனக்கு அப்படித்தான் இருந்தது, பெரும்பாலும் இன்றைக்கும் அப்படித்தான். அடக்கம் முடிந்த நான்காம் நாள் நீ வார்டுக்குப் போனாய், அடுத்த திங்கள் நான் வகுப்புக்குப் போனேன். உன்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டியது என் வேலை. இருவரும் ஒழுங்காக வேலைக்குப் போகிறோம், ஆகவே பரவாயில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கு அடுத்த புத்தாண்டுக்கு நாம் போகவில்லை. இந்த வருஷம் உனக்குக் கேஷுவால்டி டூட்டி. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “ம்மா, காலை ஆராதனைக்கு நீ போய் எனக்கு அட்டை எடுத்துட்டு வந்துடு. வராதவங்களுக்கு வீட்ல ஒருத்தர் எடுக்கலாம். அப்பாதானே எடுப்பாரு. இனி நீதான்” என்றாய். நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்தாய் போல, பதிலுக்குக் காத்திருக்காமல் படி இறங்கிவிட்டாய். நான் போனேன். அடக்க ஆராதனைக்குப் பிறகு அந்தக் கோயிலுக்குள் அன்றுதான் போனேன். ஆராதனை முடிந்து எல்லோரும் வரிசையில் நின்றோம். தட்டில் அட்டைகள் கவிழ்த்து வைத்திருந்தன. தட்டைப் பிடித்திருந்த வயதான அம்மா, “யாருக்கும்மா?” என்றார். “மகனுக்கு.” “ஒண்ணே ஒண்ணு. பொறுக்கக் கூடாது. கர்த்தர் குடுக்கறது.” நான் ஒன்றை எடுத்துத் திருப்பினேன். படம் வேறு, பச்சை மலையும் ஓடையும். வசனம் அதே வசனம். அப்பாவுக்கு வந்த நீடித்த ஆயுசு.

ஐம்பது அட்டை போட்டிருப்பார்கள் என்று சொன்னவள் நான். அது வருவதில் அதிசயம் எதுவும் இல்லை என்று அப்போதும் எனக்குத் தெரிந்தது. இருந்தும் அதை உன்னிடம் கொண்டுவந்து கொடுக்க என்னால் முடியவில்லை. அது உன் சட்டைப்பையில் இருக்க, நீ பேருந்திலும் ரயிலிலும் போய் வருவதை நினைத்துப் பார்த்தேன். “ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்திருக்கு” என்று அந்த அம்மாவிடம் பொய் சொன்னேன். “போட்டுட்டு வேற எடும்மா, புது அச்சு, அப்படித்தான் ஒட்டும்” என்று அவர் தட்டை நீட்டினார். போட்டேன், வேறு எடுத்தேன். ஊரைவிட்டுப் புறப்பட்டுப் போகச் சொல்லும் வசனம். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு வெளியூர் போவான், அதற்குப் பொருந்தும், யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன். “உங்களுக்கும்மா?” என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பிடிக்காத முடிவு வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுப்பதை எங்கள் பாடத்தில் மோசடி என்போம். இருபது வருஷமாக மாணவர்களிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உண்மையானால், எந்த அட்டையானாலும் ஒன்றுதான் என்று கையில் வந்ததைக் கொண்டுவந்து கொடுத்திருப்பேன். அன்று அந்த வரிசையில் நின்றவர்களில் அட்டைக்குப் பயந்தவள் நான் ஒருத்திதான். நம்பாதவள் கையால் வந்தது என்று நீ சபையில் சொன்னாயே, அது சரியில்லை. நம்பாதவள் எடுத்த அட்டை தட்டிலேயே இருந்துவிட்டது. உனக்கு வந்தது பயந்தவள் எடுத்தது.

பிப்ரவரியில் நீ மேற்படிப்பு நுழைவுத் தேர்வுப் புத்தகங்களைக் கட்டி ஜூனியருக்குக் கொடுத்தாய். மார்ச்சில் அந்த மருத்துவமனைக்கு எழுதினாய். ஏன் என்று நான் கேட்டபோது, “பாதை தெரிஞ்சுடுச்சும்மா” என்றாய். அட்டையை மனதில் வைத்துத்தான் சொல்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இது தானாக அடங்கிவிடும் என்று விட்டுவிட்டேன். சபையில் நீ எழுந்து நின்று என்னையே அத்தாட்சியாகக் காட்டும்வரை விட்டுவிட்டேன். அட்டையை மாற்றியதைவிட இது பெரிய தவறு.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். அம்மாவின் பொய்யையும் கர்த்தர் பயன்படுத்திக்கொண்டார், இரண்டாவது அட்டையும் அவர் கொடுத்ததுதான் என்பாய். இருக்கலாம். உன் அப்பாவாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அப்படிப் பார்த்தால் எந்த அட்டை வந்தாலும் சரியாகத்தான் இருக்கும், அட்டையே தேவையில்லை. அந்த மருத்துவமனையில் பிரசவத்துக்கு இரண்டு மலை தாண்டி வருகிறார்கள் என்று நீ சொன்னாய். இருக்கிற ஒரே டாக்டருக்கு வயதாகிவிட்டது என்றாய். போவதற்கு எனக்கு அது போதுமான காரணமாகப் படுகிறது. அதற்காகப் போவதென்றால் போ. அப்பா இல்லாத, அம்மா பேசாத இந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று போவதானாலும் போ. அதுவும் காரணம்தான், அதற்கு வசனம் வேண்டியதில்லை. என் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன்: ரயிலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது இதை ஏன் சொல்கிறேன், உன்னை நிறுத்துவதற்கா என்று காலையிலிருந்து யோசித்தேன். கொஞ்சம் அதுவும் இருக்கிறது. எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது அதையும் கழித்துக்கொண்டு படி.

நீ சபையில் சொன்னது தெரியாமல் சொன்னது. அதைத் திருத்த வேண்டும் என்று உனக்குப் பட்டால் நீ எழுந்து நிற்க வேண்டியதில்லை. நாளை உன் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் எழுந்து சொல்கிறேன். அந்தக் கோயிலில் நான் வாய் திறந்து ஒரு பாட்டுகூடப் பாடியதில்லை, ஆனாலும் இதைச் சொல்லிவிடுவேன். இது நமக்குள் இருக்கட்டும் என்று நீ சொன்னால் அப்படியே இருக்கட்டும். முடிவு உன்னுடையது, இந்த முறை நான் கை வைக்கமாட்டேன்.

நீ ஆறு மணிக்கு வந்துவிடுவாய். கால் கழுவி, குளித்து, இதைப் படிக்க அரை மணி நேரம் ஆகும். நான் சமையலறையில் இருப்பேன். வந்து கேட்க வேண்டியதைக் கேள். சத்தம் போடத் தோன்றினால் போடு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லத் தோன்றினாலும் சொல். படித்து மடித்து வைத்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி, “ம்மா, காபி இருக்கா?” என்று மட்டும் கேட்டுவிடாதே. நான் கலந்து கொடுத்துவிடுவேன்.

அம்மா